பெருந்தொற்றில் விடுதி மூடிக் கிடந்த நட்டத்துக்கு இழப்பீடு கிடைக்காதது ஏன்? இனி எந்தப் பாலிசிக்குப் பணம் கட்டுவது?

கேள்வி: கோத்தகிரியில் விடுதி நடத்துபவர்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே எட்டு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். வங்கிக் கடன் இருப்பதால் கட்டடத்துக்கும் உள்ளிருக்கும் பொருள்களுக்குமான தீ விபத்துப் பாலிசியை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறோம். முகவர் சொன்னதன் பேரில் அதனுடன் லாப இழப்புக் காப்பீட்டையும் சேர்த்திருந்தோம்.

2020 மார்ச் இறுதியில் பொது முடக்கம் வந்தது. மலையில் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஏப்ரலும் மே மாதமும்தான் ஆண்டின் உயிர்நாடி என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் மழைக்காலத்துச் சம்பளமும் கடன் தவணையும் அடங்கியிருக்கின்றன. அந்த ஆண்டு ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கவில்லை, மலை ரயில் ஓடவில்லை, பிறகு இ-பாஸ் இல்லாமல் யாரும் மலையேற முடியாத நிலையும் வந்தது. மறு ஆண்டுக் கோடையும் இரண்டாம் அலையில் போயிற்று. இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தபோது, பொருட்சேதம் ஏதும் நிகழாததால் கோரிக்கையை ஏற்க இயலாது என்று பதில் வந்தது.

அதே 2021ஆம் ஆண்டில் என் கொழுந்தனார் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கொரோனாவுக்காகச் சேர்க்கப்பட்டார். அவருடைய மருத்துவக் காப்பீடு, சில செலவுகளைக் கழித்துக்கொண்டு, பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டது. ஒரே நோய்க்கு ஒரு பாலிசி பணம் தருவதும் இன்னொரு பாலிசி தர மறுப்பதும் எந்த நியாயத்தில் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் அப்போது இருந்ததைவிட வெகுவாக ஏறியிருக்கிறது. விடுதியில் வேலை செய்யும் மூவருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது அறிவுடைமை என்று இத்துறை தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: குன்னூர், பொதுக் காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் உங்களுக்கு வந்த பதில் பாலிசியின் வாசகப்படி சரியானதுதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லாப இழப்புக் காப்பீடு தனித்து நிற்கும் பாலிசி அன்று. தீ, புயல், வெள்ளம், மண்சரிவு போன்ற, மூலப் பாலிசியில் எழுதப்பட்ட ஓர் இடரால் உங்கள் கட்டடமோ பொருளோ சேதமடைந்து, அந்தச் சேதத்துக்கான கிளைம் ஏற்கப்பட்டால் மட்டுமே, அதனால் தொழில் நின்றுபோன காலத்துக்கான லாபத்தை அது ஈடுசெய்யும். 2020இல் உங்கள் கூரை ஓடு ஒன்றுகூட உடையவில்லை, மூடியது அரசாணை. ஆகவே முதல் கதவு திறக்காதபோது இரண்டாம் கதவுக்குப் போக வழியே இல்லாமல் போயிற்று.

ஏன் இப்படி எழுதினார்கள் என்பதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையையும் நினைத்துப் பாருங்கள். அந்த நாள்களில் நம் மலையில் இடிந்த சுவருக்கு இழப்பீடு தந்த பணம், தஞ்சாவூரிலும் சேலத்திலும் ராஜஸ்தானிலும் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தவர்கள் கட்டிய பிரீமியம். ஓரிடத்தில் விழும் அடியைப் பல இடங்களில் உள்ளவர்கள் பகிர்ந்துகொள்வதே காப்பீட்டின் அடிப்படை. பொது முடக்கத்திலோ கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை எல்லா விடுதிகளும் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. பகிர்ந்துகொள்ள மிச்சம் யாரும் இல்லை. அத்தனை பேருக்கும் இரண்டு கோடைகளின் லாபத்தைக் கொடுக்கக்கூடிய நிதி உலகில் எந்த நிறுவனத்திடமும் கிடையாது.

மருத்துவக் காப்பீட்டிலும் ஆயுள் காப்பீட்டிலும் நிலைமை வேறு. நோய் பரவிய காலத்திலும் பாலிசிதாரர்களில் ஒரு பகுதியினரே மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களிலும் சிறு பகுதியினரே இறந்தார்கள். எனவே அங்கே பகிர்வு நடந்தது. 2020 மார்ச் 4 அன்றே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, மருத்துவமனைச் செலவை ஏற்கும் பாலிசிகள் கொரோனாச் சிகிச்சையையும் ஏற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வெளியிட்டுவிட்டது. 2022 மார்ச் வரை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரோனா இறப்புக் கோரிக்கைகளைத் தீர்த்து, 17,000 கோடி ரூபாய்க்கு மேல் வழங்கின. அத்தனை குடும்பங்களுக்கு அது சேர்ந்தது என்பதை இத்துறையில் இருந்தவன் என்ற முறையில் நான் மதிக்கிறேன்.

ஆனால் அதன் சுமை நம் மேல்தான் திரும்பி வந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தை உயர்த்தவே, இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசிகளின் பிரீமியம் ஏறிற்று. கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் புதிதாக ஆயுள் பாலிசி எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. மக்கள் அச்சத்தில் மருத்துவப் பாலிசிகளை எடுத்ததால் 2021-22இல் மருத்துவக் காப்பீடு, வாகனக் காப்பீட்டைத் தாண்டிப் பொதுக் காப்பீட்டின் மிகப் பெரிய பிரிவாக வளர்ந்தது. ஊரடங்கில் சாலை விபத்துகள் குறைந்து வாகனக் கிளைம்கள் சரிந்தது அதற்கு முந்தைய ஆண்டில். 2020இல் தள்ளிப்போட்ட அறுவைச் சிகிச்சைகளைப் பின்னர் எல்லோரும் செய்துகொண்டதும், மருத்துவமனைகளின் கட்டணங்கள் ஏறியதும் சேர்ந்து இன்று உங்கள் பிரீமியத்தில் தெரிகின்றன.

பிரிட்டனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே சில சிறுதொழில் பாலிசிகளில், தொழிலகத்திலிருந்து 25 மைல் சுற்றளவுக்குள், அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் கண்டறியப்பட்டுத் தொழில் தடைபட்டால் இழப்பீடு தரப்படும் என்ற வாசகம் இருந்தது. நாடு முழுவதும் பரவிய நோய்க்கு அது பொருந்தாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. அந்நாட்டின் நிதி ஒழுங்குமுறை அமைப்பே பாலிசிதாரர்கள் சார்பில் வழக்குத் தொடுத்தது. 2021 ஜனவரி 15 அன்று அங்குள்ள உச்ச நீதிமன்றம், சுற்றளவுக்குள் இருந்த ஒவ்வொரு நோயாளியும் முடக்கத்துக்குக் காரணமே என்று கூறி, பெரும்பாலும் பாலிசிதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு வரி எழுதப்பட்டிருந்த காரணத்தால் அவர்களுக்குப் பணம் கிடைத்தது. அந்த வரி உங்கள் பாலிசியில் இல்லை. அதற்கு முன்பே, 2003இல் சார்ஸ் நோயால் ஆசிய ஓட்டல்களுக்கு இழப்பீடு தர நேர்ந்த அனுபவத்துக்குப் பின், 2006 முதல் அமெரிக்காவில் வைரஸ் விலக்கு விதியைப் பாலிசிகளில் சேர்த்துவிட்டார்கள். 2020க்குப் பிறகு மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களில் தொற்றுநோய் விலக்கு உலகெங்கும் பரவிவிட்டது.

பதில் 2: கொடைக்கானல், ஓய்வு பெற்ற ஆசிரியை

குன்னூர் ஐயா தொழிலைப் பற்றிச் சொன்னார். நான் மனிதர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் அலைக்குப் பிறகு, பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பகுதிகளில் கிளைம் படிவம் நிரப்பத் தெரியாத குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாலிசி இருந்தும் பணம் வராமல் போனதற்கு மலைப்பகுதிக்கே உரிய காரணங்கள் இருந்தன.

2020 ஜூலையில் கொரோனா கவச் என்ற குறுகிய காலப் பாலிசி வந்தது. 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை எடுக்கலாம் என்பதால் பலர் எடுத்தார்கள். அதில் அரசு அனுமதி பெற்ற ஆய்வகத்தில் தொற்று உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மூச்சுத் திணறலோடு வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கியவருக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். நுரையீரல் பாதிப்பு படத்தில் தெளிவாகத் தெரிந்தது, ஆர்.டி.பி.சி.ஆர். முடிவோ நெகட்டிவ் என்று வந்தது. அத்தகைய கோப்புகள் திரும்பி வந்தபோது, மருத்துவரின் குறிப்பையும் ஸ்கேன் அறிக்கையையும் இணைத்து மறுபரிசீலனை கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மருத்துவமனை என்ற சொல்லுக்குப் பாலிசியில் உள்ள இலக்கணமும் நமக்கு இடைஞ்சல் செய்தது. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகளும், இரவு பகலாகச் செவிலியரும் மருத்துவரும் இருக்க வேண்டும். மலையூர்களில் அவசரத்துக்குக் கதவைத் திறந்து உயிரைக் காப்பாற்றிய சில சிறிய நர்சிங் ஹோம்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. அரசு அனுமதித்த தற்காலிக மருத்துவமனைகளை ஏற்க வேண்டும் என்று 2020 ஜூலையில் ஐஆர்டிஏஐ சொன்னது பெரிய உதவி. ஆனாலும், அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி இணைக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

என் மனத்தை மிகவும் வருத்தியது வேறொன்று. கூலி வேலைக்குச் சென்று வந்த ஒரு பெண்மணி நோயில் இறந்துவிட்டார். காப்பீடு எதுவும் இல்லை என்று அவருடைய மகன் உறுதியாகச் சொன்னான். ஓரம் கிழிந்திருந்த அந்த வங்கிப் பாஸ்புக்கை வாங்கி மே மாதப் பதிவுகளை வரி வரியாகப் பார்த்தேன். எரிவாயு மானிய வரவுக்குக் கீழே 330 ரூபாய் பற்று வைக்கப்பட்டிருந்தது. அதன் எதிரே பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். என்ற எழுத்துகள் பாதி மங்கலாக இருந்தன. அது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுக்கு 2 லட்சம் ரூபாய். இறப்புச் சான்றில் கொரோனா என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்ற சிக்கலே அங்கு எழவில்லை. வங்கிக் கிளைக்குச் சிலமுறை நடந்த பிறகு அந்தப் பையனுக்குப் பணம் வந்தது. எத்தனை வீடுகளில் அந்த வரியை யாரும் படிக்காமல் பாஸ்புக்கைப் பெட்டியில் வைத்தார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகையால், சகோதரி, உங்கள் பணியாளர் மூவரிடமிருந்தும் தொடங்குங்கள். இன்று அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். விபத்துக்கான சுரக்ஷா பீமாவுக்கு 20 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக் கொடுங்கள்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் சிகிச்சை உண்டு. வாரிசுப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று அவர்களையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் என் நன்றி. பணியாளர் மூவரின் பாஸ்புக்குகளையும் இன்றே வாங்கிப் பார்த்தேன். ஒருவருக்கு மட்டும் ஜீவன் ஜோதி பிடித்தம் நடந்துகொண்டிருக்கிறது, அது அவருக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். தொற்றுநோய்க்கும் பொருந்தும் லாப இழப்புப் பாலிசி ஒன்று இருப்பதாக முகவர் சொல்கிறார், அதை நம்பலாமா? என் கணவருக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. பிரீமியம் தாங்கவில்லை என்பதற்காகப் பழைய மருத்துவப் பாலிசியை விட்டுவிட்டுக் குறைந்த பிரீமியத்தில் புதிதாக எடுக்கலாமா?

பதில் 3: கூடலூர், சிறு தேயிலை விவசாயி

குன்னூர் ஐயாவின் விளக்கம் முழுவதையும் ஏற்கிறேன். ஆனால் முடிவை அங்கேயே நிறுத்துவதை ஏற்க மனம் ஒப்பவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் விழும் இடரைத் தனி நிறுவனம் தாங்காது என்றால், தாங்கக்கூடிய அமைப்பை உருவாக்க வேண்டும் என்பதுதானே அடுத்த வாக்கியம்?

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத இடருக்கு மறுகாப்பீடு தருவதிலிருந்து உலக நிறுவனங்கள் பின்வாங்கின. 2002இல் இந்தியப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொது நிதித் தொகுப்பை அமைத்து, அதன் நிர்வாகத்தை அரசுடைமை மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீயிடம் ஒப்படைத்தன. அதனால்தான் இன்றும் ஒரு சிறு கடைக்காரர்கூடச் சொற்பத் தொகை கூடுதலாகக் கட்டி அந்த இடரைத் தம் தீ விபத்துப் பாலிசியில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. பெருந்தொற்றுக்கும் அதுபோன்ற தொகுப்பு அமைக்கலாமா என்று ஆராய 2020இல் ஐஆர்டிஏஐ ஒரு பணிக்குழுவை அமைத்தது. அரசின் பின்பலத்தோடு அப்படியொரு தொகுப்பு வேண்டும் என்றே அந்தக் குழு பரிந்துரைத்தது. அச்சம் தணிந்ததும் பேச்சும் தணிந்துவிட்டது. நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய பாலிசியாக அது வடிவம் பெறவே இல்லை.

முடக்கத்தின் முதல் வாரங்களில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, பறிக்க ஆள் வராமல், எங்கள் பகுதியில் கொழுந்து செடியிலேயே முற்றிப்போனதைக் கண்டோம். முற்றிய இலையை வெட்டிவிட்டு அடுத்த சுற்றுத் துளிருக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இழப்பு யாருடைய கணக்கேட்டிலும் ஏறவில்லை. மழைமானி காட்டும் அளவை வைத்துப் பயிருக்கு இழப்பீடு தரும் முறை இருக்கும்போது, அரசு மூடச் சொன்ன நாள்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு குறிப்பிட்ட தொகையைத் தரும் பாலிசி ஏன் கூடாது? சர்வேயர் வர வேண்டாம், சேதத்தை நிரூபிக்க வேண்டாம். அரசாணையின் தேதிகளே போதும். சிறு விவசாயிகள் சங்கங்களும் விடுதி உரிமையாளர்களும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 4: குன்னூரிலிருந்து மீண்டும்

கூடலூர் நண்பரின் கருத்தில் வலு இருக்கிறது. அரசு கடைசிச் சுமையை ஏற்காமல் இத்தகைய தொகுப்பு நிலைக்காது என்பதில் இருவரும் உடன்படுகிறோம். அளவுகோலை வைத்துப் பணம் தரும் பாலிசியில் ஒரு எச்சரிக்கை உண்டு. நோய் பரவினால் முதலீட்டாளர்களின் பணம் ஏழை நாடுகளுக்குப் போகும்படி, உலக வங்கி 2017இல் பெருந்தொற்றுக்கென்று கடன் பத்திரங்களை வெளியிட்டது. இத்தனை வாரம் கடந்திருக்க வேண்டும், இத்தனை நாடுகளில் இத்தனை இறப்புகள் நேர்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் அடுக்கப்பட்டிருந்ததால், நோய் உலகெங்கும் பரவிய பிறகு, 2020 ஏப்ரலில்தான் ஏறத்தாழ 19.6 கோடி டாலர் விடுவிக்கப்பட்டது. அளவுகோலை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அரசாணைத் தேதி என்று நீங்கள் சொன்னது எளிமையானது, அதனால் நல்லது.

அம்மா, உங்கள் ஐயங்களுக்கு வருகிறேன். முகவர் சொல்லும் பாலிசியின் விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு, முழு வாசகத்தை எழுத்தில் கேளுங்கள். இங்கே நோய் நீட்டிப்பு என்று விற்கப்படுபவை பெரும்பாலும் உங்கள் வளாகத்துக்குள்ளேயே நோயோ நச்சுணவோ நேர்ந்து, அதனால் அதிகாரிகள் மூடச் சொன்னால் மட்டும் பொருந்துபவை. ஊரெல்லாம் மூடினால் அது உதவாது. விலக்குப் பட்டியலில் தொற்றுநோய் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தக் கூடுதல் தொகையைக் கட்டாதீர்கள். அதை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு, கோடை இல்லாத ஓர் ஆண்டின் சம்பளத்துக்கும் தவணைக்குமான இருப்பாகச் சேர்த்து வையுங்கள்.

உங்கள் கணவரின் மருத்துவப் பாலிசியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இடைவிடாமல் 5 ஆண்டுகள் கட்டியிருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, உண்மையை மறைத்தார் என்று சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது. புதிதாக எடுத்தால் இந்த ஆண்டுகள் அனைத்தும் வீணாகிவிடும். வேறு நிறுவனத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள்களுக்கு முன்பே, கட்டிய ஆண்டுகளை இழக்காமல் நிறுவனம் மாறும் போர்ட்டிங் முறையில் விண்ணப்பியுங்கள். இந்த ஆண்டு அதற்கு நேரமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், பழைய பில்லில் இருந்த 18 விழுக்காடு இம்முறை கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பணியாளர்களுக்கு நீங்கள் குழுக் காப்பீடு எடுத்தால் இந்த விலக்கு பொருந்தாது.

எதிர்காலத்தில் எந்தக் கிளைம் மறுக்கப்பட்டாலும், நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2020ஆம் ஆண்டுக் கோரிக்கைக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. பெருந்தொற்றுக்கு உதவாது என்பதற்காக லாப இழப்புக் காப்பீட்டையே நீக்கிவிட வேண்டாம். நம் மலையில் மண்சரிவுக்கு அது தேவை. அதில் இழப்பீட்டுக் காலம், அதாவது சேதம் நேர்ந்த பின் லாப இழப்பு ஈடுசெய்யப்படும் காலம், 6 மாதம் என்று எழுதியிருந்தால் 12 மாதமாக மாற்றச் சொல்லுங்கள். ஆகஸ்டில் சுவர் இடிந்து மறு ஆண்டு ஜூன் வரை கட்டட வேலை நீண்டால், 6 மாதக் கணக்கு பிப்ரவரியோடு முடிந்து, கோடை வருமானம் முழுவதும் பாலிசிக்கு வெளியே நின்றுவிடும்.